60 லீற்றர் கடல்நீர்த் தொட்டியில் பச்சை முடிப்பாசி: குற்றவாளி கிணறா, கல்லா, இறாலா?

கொக்குவில் தொட்டிக்காரன் | ஆனி 14

அனைவருக்கும் வணக்கம். ஏழு மாதங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் 60 லீற்றர் கொள்ளளவுள்ள கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைத்தேன். அதில் இரண்டு கோமாளி மீன்கள், நான்கு துறவி நண்டுகள், கடற்கரையில் பொறுக்கி நன்றாகக் காய வைத்த சுண்ணாம்புக் கற்கள் ஏறத்தாழ ஏழு கிலோ ஆகியவை உள்ளன. பவளம் எதுவும் இல்லை. கரையோரத்தில் பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால் அந்த ஆசையை முதலிலேயே கைவிட்டேன்.

முதல் மாதத்தில் கண்ணாடியிலும் மணலிலும் மண்ணிறத் தூள் படிந்து, மூன்று கிழமைகளில் தானாகவே போய்விட்டது. நான்காம் மாதத்திலிருந்து கற்களில் பச்சை முடி போன்ற பாசி முளைக்கத் தொடங்கி, இப்போது மூன்று சென்ரிமீற்றர் நீளத்துக்கு வளர்ந்திருக்கிறது. மணலின் ஒரு மூலையில் கருஞ்சிவப்பு நிறத்தில் ஏடு போன்ற ஒன்று படர்கிறது. பிற்பகலில் அதன் மேல் சிறு குமிழிகள் தோன்றுகின்றன. பற்தூரிகையால் தேய்த்து எடுத்தால் பத்து நாட்களில் அனைத்தும் மீண்டும் வந்துவிடுகின்றன.

எனக்குப் புரியாத விடயம் இதுதான்: நீரைச் சோதித்தால் நைத்திரேற்று லீற்றருக்கு 5 மில்லிகிராம், பொசுபேற்று பூச்சியம். உணவே இல்லாத நீரில் பாசி எதைத் தின்று வளர்கிறது? ஆவியாகும் நீருக்கு ஈடாகக் கிணற்று நீரையே ஊற்றுகிறேன். கிழமைக்கு ஒருமுறை 6 லீற்றர் மாற்றுவதற்குக் கடலிலிருந்து நீர் கொண்டுவருகிறேன். விளக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிகிறது.

பாசையூர் அலை | ஆனி 14

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். கடல் நீரை எங்கே அள்ளுகிறீர்கள்? பண்ணைப் பாலத்தடியில் என்றால் உடனே நிறுத்துங்கள். நகரத்து வடிகால்கள் வந்து விழுகின்ற பரவைக்கடல் அது. ஆழமும் இல்லை, ஓட்டமும் குறைவு. கோடையில் உப்பு ஏறி, மாரியில் மழை நீர் விழுந்து உப்பு இறங்கும் அந்த நீரை நம்பித் தொட்டி வளர்க்க முடியாது. நான் காங்கேசன்துறைப் பக்கம் தொழிலுக்குப் போகின்ற தெரிந்த ஒருவரிடம் கான்களைக் கொடுத்து, கரையிலிருந்து விலகிய பிறகே நிரப்பச் சொல்கிறேன். இப்போது சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் காலம் என்பதால் வடகரை அமைதியாக இருக்கும். வாடை தொடங்கிவிட்டால் அங்கும் நீர் கலங்கிவிடும். ஆகவே அதற்கு முன்னரே இரண்டு மாதத்துக்குப் போதுமானதை மூடிய கான்களில் இருட்டான அறையில் சேமித்துவிடுவேன். இருட்டில் இரண்டு கிழமை கிடந்தால் நீரிலுள்ள நுண்பாசிகள் இறந்து அடியில் தங்கிவிடும். மேலே உள்ளதை மட்டும் எடுத்தால் போதும்.

அடுத்தது விறாந்தை. காலை வெயில் தொட்டியில் படுகிறதா? படுகிறது என்றால் உங்கள் விளக்கை அணைப்பதால் பாதிப் பயன்தான்.

இரசாயன ரீச்சர் | ஆனி 15

கொக்குவில் தம்பியின் கேள்வியிலேயே விடையின் தொடக்கம் இருக்கிறது. சோதனைக் குழாய் காட்டுவது நீரில் எஞ்சியிருப்பதை மட்டுமே. பாசி ஏற்கெனவே உறிஞ்சிக்கொண்டதை அது காட்டாது. கல் முழுவதும் முடி அடர்ந்த தொட்டியில் பொசுபேற்று பூச்சியம் என்று வருவது, சம்பளம் வந்த அன்றே செலவழித்துவிட்டு வங்கிப் புத்தகத்தைக் காட்டி வருமானமே இல்லை என்று சொல்வதற்குச் சமம். ஆகவே எஞ்சியதை அளப்பதை விட்டுவிட்டு, உள்ளே வருவதைக் கணக்கிடுவோம்.

முதலில் கிணறு. வலிகாமத்தின் சுண்ணாம்புப் பாறை நீரை வடிகட்டாமல் வெடிப்புகள் வழியாகவே கீழே விட்டுவிடுகிறது. தோட்டங்களுக்கு இடும் உரமும் மலசலகூடக் குழிகளின் கழிவும் நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகச் சேர்வது நாம் அனைவரும் அறிந்ததுதான். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எங்கள் பகுதியில் அந்த எல்லையைத் தாண்டும் கிணறுகள் பல. உங்கள் கிணற்று நீரையும் அதே சோதனைப் பெட்டியால் அளந்து சொல்லுங்கள். நாளொன்றுக்கு எவ்வளவு நீர் ஆவியாகிறது என்பதையும் சொல்லுங்கள். ஆவியாகும்போது நீர் மட்டுமே போகிறது; அது கொண்டுவந்த நைத்திரேற்று தொட்டியிலேயே தங்கிவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது உணவு. என்ன கொடுக்கிறீர்கள், எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. மீன் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

மூன்று பாசிகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் மாதத்து மண்ணிறத் தூள் தயற்றம் என்ற நுண்பாசி. அது நீரிலுள்ள சிலிக்காவைக் கொண்டு தன் ஓட்டைக் கட்டிக்கொள்வது. புதிய தொட்டிகளில் வந்து தானே போகும். பச்சை முடி உண்மையான பாசி. கருஞ்சிவப்பு ஏடு பாசியே அல்ல, சயனோபற்றீரியா என்ற ஒருவகைப் பற்றீரியா. அவற்றுள் சில இனங்கள் வளியிலுள்ள நைதரசனைத் தாமே பதித்துக்கொள்ளக் கூடியவை. நீரோட்டம் குறைந்து அழுக்குத் தேங்கும் மூலைகளில்தான் அவை குடியேறும். அந்த மூலையை நோக்கி ஒரு சிறிய பம்பியைத் திருப்பி விட்டு, ஏட்டைக் குழாயால் உறிஞ்சி எடுத்தாலே அதன் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கொக்குவில் தொட்டிக்காரன் | ஆனி 17

ரீச்சர், கிணற்று நீரை அளந்தேன்: நைத்திரேற்று 45. அந்த நிறத்தைப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது, ஏனென்றால் சமையலுக்கும் அதே கிணறுதான். வெப்பத்தைக் குறைக்க மின்விசிறியை நீர்மட்டத்தை நோக்கி ஓட விடுவதால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் ஆவியாகிறது. நீர் பண்ணைப் பக்கத்திலிருந்து வந்ததுதான்; பாசையூர் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்கிறேன். காலை வெயிலும் ஒரு மணி நேரம் படுகிறது.

உணவு: குருநகர்ச் சந்தையில் வாங்கும் இறாலை உரித்து, நறுக்கி, உறைய வைத்து, தினமும் ஒரு கிராம் அளவில் போடுகிறேன். உறைந்த துண்டை அப்படியே போடுவதால் உருகும் சாறும் தொட்டிக்குள்ளேயே போகிறது.

மானிப்பாய் மருந்துக்கடை | ஆனி 17

இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் புளூக்கொனசோல் மாத்திரையை லீற்றருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் வீதம் கரைத்து விட்டு, இரண்டு மூன்று கிழமை நீர் மாற்றாமல் இருந்தால் முடிப்பாசி வெளிறி விழுந்துவிடும் என்பதை வெளிநாட்டுத் தொட்டிக்காரர்கள் பலர் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். சிவப்பு ஏட்டுக்கு எரித்திரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி போதும். மாத்திரை எல்லாம் மலிவு.

இரசாயன ரீச்சர் | ஆனி 18

மருந்துக்கடைத் தம்பி சொல்லும் முதலாவது மருந்து பயனற்றது என்று நான் சொல்லவில்லை. இறகு போன்ற பிரையொப்சிசு, முடி போன்ற தேபேசியா ஆகிய இனங்களில் அது வேலை செய்கிறது என்பது பரவலான அனுபவம். ஆனால் இறந்த பாசி எங்கே போகும்? அது விழுங்கி வைத்திருந்த நைத்திரேற்றும் பொசுபேற்றும் அதே 60 லீற்றருக்குள் திரும்பக் கரையும். அந்த நேரத்தில் நீர் மாற்றவும் கூடாது என்கிறீர்கள். வரவு மாறாத வரைக்கும் அந்த இடத்துக்கு வேறொரு பாசி வந்து சேரும்.

இரண்டாவது மருந்தை நான் முற்றாக எதிர்க்கிறேன். நுண்ணுயிர்க்கொல்லி சிவப்பு ஏட்டை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லாது. அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்களுக்கும் அதனால் ஆபத்து நேரலாம். பிறகு அந்த நீரை நீங்கள் ஊற்றுவது வளவில். வளவுக்குக் கீழே கிணறு. கிணற்றைப் பற்றிய உரையாடலில் கிணற்றுக்குள் மருந்து போகும் வழியைத் திறப்பது சரியல்ல.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கிணற்று நீர் கிழமைக்கு 7 லீற்றர். லீற்றருக்கு 45 மில்லிகிராம் என்றால் அதில் 315 மில்லிகிராம் நைத்திரேற்று. 60 லீற்றரில் பரவினால் கிழமைக்கு லீற்றருக்கு 5 மில்லிகிராம் உயர்வு. நீங்கள் மாற்றும் 6 லீற்றரில் வெளியேறுவதோ, நீரில் 5 தான் இருப்பதால், 30 மில்லிகிராம் மட்டுமே. உள்ளே வருவதில் பத்தில் ஒரு பங்குகூட வெளியே போகவில்லை.

ஆனால் இறாலைப் பாருங்கள். கிழமைக்கு 7 கிராம் இறாலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம், அதாவது 1.4 கிராம். புரதத்தில் 16 சதவீதம் நைதரசன். அது முழுவதும் நைத்திரேற்றாக மாறினால் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம். அதாவது கிணற்றைப்போல மூன்று மடங்கு! மீனின் உடலில் ஒரு பகுதி தங்கும், ஒரு பகுதி வாயுவாகவும் போகும். ஆகவே இது உச்ச எல்லை மட்டுமே. பொசுபேற்றில் நிலைமை இன்னும் மோசம். 100 கிராம் இறாலில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் பொசுபரசு உண்டு. 7 கிராமில் 14 மில்லிகிராம். பொசுபேற்றாகக் கணக்கிட்டால் 43 மில்லிகிராம். 60 லீற்றரில் அது கிழமைக்கு லீற்றருக்கு 0.7 மில்லிகிராம் உயர்வு. நாம் விரும்பும் அளவோ 0.03 முதல் 0.1 வரை. சுண்ணாம்பு நிலத்துக் கிணற்று நீரில் பொசுபேற்று பொதுவாகக் குறைவாகவே இருக்கும், கல்சியம் அதைப் பிடித்துக்கொள்வதால். எனவே நாம் எல்லோரும் வழக்கம்போலக் கிணற்றைக் குறை சொல்லிக்கொண்டிருக்க, பெரிய பங்கை இறால் கொண்டுவருகிறது.

வடமராட்சி வாடை | ஆனி 19

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இன்னும் தொட்டி தொடங்கவில்லை. கடல் நீர் அள்ளுவதில் இவ்வளவு சிக்கல் என்றால், ஆனையிறவு உப்பை நல்ல நீரில் கரைத்துக் கடல் நீர் செய்ய முடியாதா?

இரசாயன ரீச்சர் | ஆனி 19

முடியாது. உப்பளத்தில் உப்பு மணியாகும்போது வீழ்படிவாவது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு. மகனீசியமும் பொற்றாசியமும் எஞ்சும் கசப்பு நீரோடு வெளியேற்றப்படுகின்றன, கல்சியத்தின் பெரும்பகுதியோ அதற்கு முந்திய பாத்திகளிலேயே படிந்துவிடுகிறது. இயற்கைக் கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் மகனீசியமும் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கல்சியமும் இருக்கின்றன. கறி உப்பு கரைத்த நீரின் அடர்த்தியை 1.025 ஆக்கி உவர்ப்புமானியை ஏமாற்றலாம், மீனை ஏமாற்ற முடியாது. கொழும்பிலிருந்து வரும் தொட்டி உப்பை வாங்குங்கள், அல்லது பாசையூர் அண்ணை சொன்ன வழியில் செல்லுங்கள்.

பாசையூர் அலை | ஆனி 20

ரீச்சரின் கணக்கை மறுக்க எனக்குப் படிப்பில்லை, ஆனால் ஒரு சந்தேகம் இருக்கிறது. என்னுடைய தொட்டியிலும் இறால்தான் போடுகிறேன், இவ்வளவு முடி இல்லை. வேறுபாடு கல்லில் இருக்குமோ? தம்பி, அந்தக் கல்லை எந்த இடத்தில் பொறுக்கினீர்கள்? மீன் வெட்டும் இடங்களுக்குப் பக்கத்தில் கிடந்த கல் என்றால் அதன் கதையே வேறு.

கொக்குவில் தொட்டிக்காரன் | ஆடி 2

அண்ணை, நீங்கள் நேரில் பார்த்தது போலக் கேட்டீர்கள். கல் எடுத்தது மீன்வாடிகளுக்குப் பின்னால் உள்ள கரையில்தான். மழையிலும் வெயிலிலும் மாதக் கணக்கில் காய்ந்து வெள்ளை வெளேரென்று இருந்ததால் சுத்தமானது என்று எண்ணினேன்.

சொல்லைச் சோதித்துப் பார்த்தேன். தொட்டியிலிருந்து ஒரு கிலோ எடையுள்ள கல்லை எடுத்து, பாசியை முழுவதும் சுரண்டி, பொசுபேற்றுப் பூச்சியம் காட்டிய புதிய கடல் நீர் 5 லீற்றரில் மூடிய வாளிக்குள் இருட்டில் பத்து நாள் வைத்தேன். இன்று அந்த நீரில் பொசுபேற்று 0.3. இறாலும் இல்லை, கிணற்று நீரும் இல்லை, மீனும் இல்லை. கல் மட்டும்.

இரசாயன ரீச்சர் | ஆடி 3

அருமையான சோதனை, என் மாணவர்களுக்கு இதையே சொல்லப்போகிறேன். கல்சியம் காபனேற்றுக் கல் பொசுபேற்றைத் தன் மேற்பரப்பில் பிடித்து வைத்துக்கொள்ளும். சுற்றியுள்ள நீரில் குறையும்போது மெதுவாகத் திருப்பி விடும். ஆகவே அந்தக் கல் வெறும் கல் அல்ல, சேமிப்புக் கணக்கு. நீங்கள் இன்றே இறாலை நிறுத்தினாலும் கல் சில மாதங்களுக்குப் பாசிக்குச் சோறு போட்டுக்கொண்டே இருக்கும். ஏழு மாத இறாலின் ஒரு பகுதியும் அதற்குள்தான் போயிருக்கிறது.

எல்லாக் கல்லையும் ஒரே நாளில் வெளியே எடுக்க வேண்டாம். நைத்திரேற்றை உருவாக்கும் பற்றீரியாக்கள் குடியிருப்பதும் அதே கல்லில்தான். எடுத்தால் அமோனியா ஏறி மீன் இறக்கும். கிழமைக்கு ஒரு கல்லை எடுத்து, வடித்த பழைய தொட்டி நீரில் தேய்த்துக் கழுவுங்கள். பிடிவாதமான இடங்களில் மூன்று சதவீத ஐதரசன் பேரொட்சைட்டைத் துளித்துளியாக விட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, அலசித் திரும்ப வைக்கலாம். பொசுபேற்றைப் பிடிக்கும் இரும்பு ஒட்சைட்டு மணிகளைச் சிறிய பையில் போட்டு வடிகட்டியில் வையுங்கள், ஆனால் பொதியில் சொன்ன அளவில் பாதியுடன் தொடங்குங்கள். நைத்திரேற்றும் பொசுபேற்றும் உண்மையிலேயே பூச்சியத்துக்கு இறங்கிய தொட்டிகளில் தைனோபிளாசலேற்று என்ற மண்ணிறச் சளி வருவதுண்டு; அது வந்தால் இந்த முடிப்பாசியை நீங்கள் நன்றியோடு நினைத்துக்கொள்வீர்கள்.

ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆர்.ஓ. நீரை, அதாவது நுண்சவ்வு வழியாக வடிகட்டிக் கரைந்த உப்புகளை நீக்கிய நீரை, வாங்குங்கள். ஆனால் குடிப்பதற்கென்று விற்கும் ஆர்.ஓ. நீரில் சில இடங்களில் சுவைக்காகக் கனிமம் சேர்ப்பார்கள். வாங்கியதையும் ஒருமுறை நைத்திரேற்றுக்குச் சோதியுங்கள்.

மானிப்பாய் மருந்துக்கடை | ஆடி 3

எரித்திரோமைசின் பற்றிச் சொன்னதை மீளப் பெறுகிறேன். புளூக்கொனசோல் பற்றிய கருத்தை இன்னும் விடவில்லை; எல்லாவற்றையும் செய்த பிறகும் மீதமிருந்தால் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

கொக்குவில் தொட்டிக்காரன் | ஆவணி 26

நீண்ட நாட்களாக எழுதவில்லை. நல்லூர்த் திருவிழாவில் நேரம் போய்விட்டது. ஆனால் திருவிழாவே இந்த இழைக்கு ஒரு செய்தியைத் தந்தது.

எங்கள் வீட்டில் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் இறால் இருக்கக் கூடாது என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். மீனுக்கான இறால் என்று வாதாடினேன், எடுபடவில்லை. ஆகவே மீன்களும் விரதம் பிடித்தன என்றே சொல்லலாம்: ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குச் சில உலர் மணிகள் மட்டும். அதே காலத்தில் விளக்கை எட்டு மணி நேரமாகக் குறைத்தேன், விறாந்தைச் சன்னலுக்குத் திரை போட்டேன், ஆர்.ஓ. நீருக்கு மாறினேன், அது நைத்திரேற்று 4 காட்டியது. கிழமைக்கு ஒரு கல் வீதம் கழுவினேன்.

சிவப்பு ஏடு பம்பியைத் திருப்பிய இரண்டாம் கிழமையே மறைந்துவிட்டது. முடிப்பாசி மூன்று சென்ரிமீற்றரிலிருந்து ஒன்றுக்கும் கீழே குறைந்திருக்கிறது; துறவி நண்டுகள் இப்போதுதான் அதைத் தொடவே தொடங்கியிருக்கின்றன, நீண்ட முடியை அவை கண்டுகொள்ளவே இல்லை. நீரில் பொசுபேற்று 0.08. பூச்சியத்திலிருந்து ஏறியதைக் கண்டு முதலில் பயந்தேன். பிறகு, உறிஞ்சும் பாசி குறைந்ததால் கல் விடுவது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது என்று விளங்கியது. மீன்கள் மெலியவில்லை.

இரசாயன ரீச்சர் | ஆவணி 27

மகிழ்ச்சி. ஆனால் ஆசிரியப் புத்தி விடவில்லை: ஐந்து விடயங்களை ஒன்றாக மாற்றிவிட்டதால், எது எவ்வளவு உதவியது என்று உங்கள் தொட்டியை வைத்து எவராலும் சொல்ல முடியாது. இறாலைத் திரும்பத் தொடங்கினால் அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். உருகிய சாற்றை வடித்து, துண்டுகளை அலசிய பின்னர் போடுங்கள்.

வடமராட்சி வாடை | ஆவணி 28

நத்தை விட்டால் மிச்சத்தைத் தின்னாதா? பரவைக்கடல் ஓரத்தில் ஊரி எவ்வளவோ கிடக்கிறதே. ஓரா மீனும் பாசி தின்னும் என்கிறார்கள்.

பாசையூர் அலை | ஆவணி 28

ஓராக் குஞ்சு பாசியை நன்றாகத் தின்னும், ஆனால் 60 லீற்றரில் அதை வளர்ப்பது ஆட்டுக்கடாவைக் குளியலறையில் கட்டி வைப்பது போன்றது. சேற்றில் மேயும் ஊரி கல்லில் உள்ள முடியைத் தின்னும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது மணலில் படியும் மெல்லிய படலத்துக்கு உதவும். எதை எடுத்தாலும் தனி வாளியில் மூன்று கிழமை வைத்துவிட்டே தொட்டியில் விடுங்கள். இறந்த ஊரி ஒன்று மணலுக்குள் கிடந்தால் அது பத்து நாள் இறாலுக்குச் சமம்.

கொக்குவில் தொட்டிக்காரன் | ஐப்பசி 9

கடைசியாக எழுதியதிலிருந்து ஆறு கிழமைகள். ரீச்சர் சொன்னபடி மற்றவற்றை மாற்றாமல், அலசிய இறாலைக் கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் திரும்பத் தொடங்கினேன். முதல் மூன்று கிழமை எதுவும் இல்லை; நான்காவதில் நான் கொழும்புக்குப் போயிருந்த வேளையில், மீன் பசியோடு பார்க்கிறது என்று என் மருமகன் தினமும் கைப்பிடி போட்டிருக்கிறான், வந்து பார்த்தபோது இரண்டு கற்களில் பச்சை திரும்பியிருந்தது. அவனுக்காக இப்போது மாத்திரைப் பெட்டி ஒன்றில் ஒவ்வொரு நாளுக்கான உணவையும் பிரித்து வைத்துவிட்டேன்.

வாளியில் ஊறவைத்த அந்த முதற் கல்லின் நீரை மூன்றாவது தடவையாக மாற்றியிருக்கிறேன். இந்தத் தடவை பத்து நாளில் 0.1. மருந்துக்கடை அண்ணையின் மாத்திரை இன்னும் தேவைப்படவில்லை. மாற்றிய நீரை வளவுக் கிணற்றிலிருந்து தள்ளி நிற்கும் தென்னைக்கு ஊற்றுகிறேன், அது உப்பைத் தாங்குகிறது. மழை தொடங்கிவிட்டது, ஓட்டுக் கூரையில் முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு மூன்றாவதில் பிடித்த நீரில் நைத்திரேற்றுப் பூச்சியம். இனி ஆர்.ஓ. கான் வாங்குவதை மாரி முடியும் வரை நிறுத்தி வைக்கலாம் என்று இருக்கிறேன்.

பாசையூர் அலை | ஐப்பசி 9

கூரையில் புறா இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், தம்பி.

கொக்குவில் தொட்டிக்காரன் | ஐப்பசி 10

இருக்கிறது. பொசுபேற்றையும் சோதித்துவிட்டு எழுதுகிறேன்.